தரங்கம்பாடிக் கோட்டையும் தமிழும்

பூம்புகாருக்குத் தெற்கேயும் காரைக்காலுக்கு வடக்கேயும் அமைந்த சிறிய கடற்கரை ஊர் தரங்கம்பாடி. தரங்கம் என்றால் அலை. ஆகவே அலைகள் பாடும் ஊர் என்று பெயருக்குப் பொருள் விரிப்பது கவிஞர்களின் வழக்கம். கேட்க இனிய விளக்கம்தான். ஆனால் கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயிலின் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கின்றது. பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கோயில் அது. பாடி என்பது இங்கே பாடுதலைக் குறிப்பதன்று, குடியிருப்பைக் குறிப்பது. பாசறை என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. பாட்டு பின்னால் வந்து சேர்ந்தது. பாசறை 1620இல் வந்தது.

அவ்வாண்டில் எழுந்த டான்ஸ்போர்க் கோட்டை, தமிழ்நாட்டின் பிற கோட்டைகளோடு ஒப்பிட மிகச் சிறியது. செஞ்சியைக் கண்ட கண்ணுக்கு இது ஒரு பெரிய பண்டகசாலையாகவே தோன்றும். அத்தோற்றம் பிழையன்று. மிளகுக்காகக் கட்டப்பட்டு, மிளகைக் காப்பதற்காகப் பீரங்கி ஏற்றப்பட்ட கட்டடம் இது. இலக்கிய மேடைகளில் இதனைத் 'தமிழ் அச்சுக்கலையின் தொட்டில்' என்று புகழ்வது வழக்கமாகிவிட்டது. அப்புகழுரையைச் சற்று நின்று ஆராய்தல் நல்லது. தமிழ் எழுத்துக்கும் இக்கோட்டைக்கும் உள்ள உறவு, தொட்டிலுக்கும் குழந்தைக்கும் உள்ள உறவன்று.

டென்மார்க்கு மன்னர் நான்காம் கிறிஸ்தியானின் ஆதரவில் 1616இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்று தோன்றியது. அதன் கண் முதலில் விழுந்தது இலங்கைமீதே ஒழிய சோழ மண்டலக் கரையின்மீது அன்று. கண்டி அரசரின் தூதர் என்று சொல்லிக்கொண்டு வந்த மார்செலிஸ் போஷோவர் என்னும் டச்சுக்காரர், போர்த்துகீசியரை விரட்டப் படை தந்தால் வாணிக உரிமை கிடைக்கும் என ஆசை காட்டினார். 1618இல் கப்பற்படை புறப்பட்டது. தலைமை ஏற்ற ஓவே கெட்டேக்கு அப்போது வயது இருபத்து நான்கு. ஆசை காட்டியவர் நடுவழியிலேயே மாண்டுபோனார். கெட்டே 1620இல் இலங்கையை அடைந்தபோது, கண்டி அரசரோ அந்த உடன்படிக்கை தம்மைக் கட்டுப்படுத்தாது என்று கையை விரித்துவிட்டார்.

தரங்கம்பாடிக்கு வழி திறந்தது ஒரு விபத்து. முன்னோடியாக அனுப்பப்பட்ட கப்பலின் தலைவர் ரோலாண்ட் கிராப்பே, காரைக்காலை ஒட்டிய கடலில் போர்த்துகீசியரால் தாக்கப்பட்டார். கப்பல் அழிந்தது. உயிர் தப்பிய சிலரோடு அவர் தஞ்சாவூரில் இரகுநாத நாயக்கரின் அவைக்குச் சென்று சேர்ந்தார். நாகப்பட்டினத்தில் வேரூன்றியிருந்த போர்த்துகீசியருக்கு எதிர்நிற்க வேறொரு வெள்ளையர் கூட்டம் தம் கரையில் இருப்பது நாயக்கருக்கும் வேண்டியதாக இருந்தது. தாமே நூல் இயற்றிய கவிஞர், இசையில் வல்லவர் என்றெல்லாம் புகழப்படும் இரகுநாதர் அரசியலிலும் கணக்கறிந்தவர். 1620 நவம்பரில் உடன்படிக்கை முடிந்தது. ஊரும் கோட்டை கட்டும் உரிமையும் டேனியர்களுக்கு. ஆண்டுதோறும் திறைப்பணம் தஞ்சைக்கு. அரசு நாயக்கரிடமிருந்து மராட்டியருக்கு மாறிய பின்னும் அத்திறை தொடர்ந்தது. ஆகவே கோட்டைமீது கொடி டென்மார்க்கினுடையது, மண் தஞ்சையினுடையது என்ற நிலையே நெடுங்காலம் இருந்தது. இதனை நினைவில் வைக்காமல் அக்கோட்டையின் வரலாற்றைப் படித்தால் பல செய்திகள் புரியாமற்போகும்.

அப்போது நாயக்கர் டென்மார்க்கு மன்னருக்கு ஒரு கடிதம் விடுத்தார். பனையோலை வடிவில் அமைந்த பொன் தகட்டில் பொறித்த கடிதம் அது. எழுத்து தமிழ், கையொப்பம் தெலுங்கு. அரசின் மொழி தெலுங்கானபோதும் அயல்நாட்டு வேந்தனுக்கு எழுதிய ஓலையின் வாசகம் தமிழாக அமைந்தது கருதத்தக்கது. அப்பொன்னோலை இன்றும் கோபனேகன் நகரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றது. கோட்டையின் முதல் செங்கல்லோடு சேர்ந்து பிறந்தது ஒரு தமிழ்ச் சாசனம். ஆனால் அது கோட்டைக்குள் தங்கவில்லை, கப்பலேறிவிட்டது.

கோட்டையின் அமைப்பு எளியது. கடலை நோக்கிச் சற்றே சாய்ந்த நாற்கரம், மூலைக்கொரு கொத்தளம், நடுவே முற்றம். கிழக்குப் பக்கத்தில் முதன்மைக் கட்டடம். அதன் கீழ்த்தளத்தில் பண்டகசாலையும் வெடிமருந்தும் சமையற்கட்டும் சிறையும். மேல்தளத்தில் ஆளுநரின் உறைவிடமும் பாதிரியாரின் அறையும் வழிபாட்டுக் கூடமும். ஒட்டகத்தின் திமிலைப்போல் புடைத்த வளைகூரைகள் இக்கட்டடத்தைத் தொலைவிலிருந்தே அடையாளம் காட்டும். டென்மார்க்குக் கட்டடப் பாணி என்று இதனைச் சொல்வர். பாணி அவர்களுடையது; செங்கல்லும் சுண்ணாம்பும் கொத்தும் இம்மண்ணுடையவை. மிளகு மூட்டையும் மதுப் பீப்பாயும் கைதியும் ஒரே தளத்தில், தேவனும் ஆளுநரும் ஒரே தளத்தில் என்ற இந்த அடுக்குமுறையே அக்கம்பெனியின் உலகத்தைச் சொல்லிவிடுகின்றது. ஊரில் சீயோன் ஆலயம் 1701இல் எழும்வரை ஐரோப்பியரின் வழிபாடு கோட்டைக்குள்ளேதான் நடந்தது. கோட்டையைச் சுற்றி அகழியும் தூக்குப்பாலமும் இருந்தன. அவை இன்று இல்லை.

கோட்டை எழுந்த மூன்றாண்டுகளில் அங்கே பீரங்கி வீரராக வந்து சேர்ந்தவர் ஐஸ்லாந்து நாட்டு யோன் ஓலாப்சன். படைத்தலைவரும் அல்லர், கற்றறிந்தவரும் அல்லர். கூலிக்குப் பீரங்கி இயக்கிய எளிய மனிதர். பகைவரின் குண்டு எதுவும் அவரைத் தீண்டவில்லை. கோட்டையிலேயே நிகழ்ந்த வெடிவிபத்தில் கடுங்காயமுற்று 1624இல் நாடு திரும்பப் புறப்பட்டார். முதுமையில், 1661ஆம் ஆண்டளவில், தம் வாழ்க்கையைத் தாய்மொழியில் எழுதினார். கோட்டை வாழ்க்கை, ஊரார் வழக்கங்கள், கோயில் சடங்குகள் எல்லாம் அதில் வருகின்றன. எல்லாவற்றையும் அவர் சரியாகப் புரிந்துகொண்டார் என்று சொல்ல இயலாது. எனினும் ஆளுநர்கள் எழுதிவைத்த கணக்கேடுகளில் கிடைக்காத வியர்வை நாற்றம் இப்பீரங்கிக்காரரின் பக்கங்களில் கிடைக்கின்றது. பதினேழாம் நூற்றாண்டுத் தரங்கம்பாடி வீதிகளைக் கண்ணாற் கண்டு எழுதியவர்களில் ஒருவர் பனிநாட்டுக் குடியானவர் மகன் என்பது வியப்பானதே.

பின்வந்த காலம் கோட்டைக்கு வறுமைக் காலம். ஐரோப்பாவில் நடந்த போர்களில் டென்மார்க்கு நலிந்தது. 1650இல் கம்பெனியே கலைக்கப்பட்டது. ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் தாயகத்திலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. காய்ச்சலிலும் முதுமையிலும் டேனியர்கள் ஒவ்வொருவராக மறைய, எஞ்சியவர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அவர்களில் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற சாதாரண வீரர் 1655இல் தலைமையை ஏற்றார். வங்கக் கடலில் கப்பல்களைப் பிடித்து அவற்றின் சரக்கை விற்று உள்ளூர் வீரர்களுக்கும் போர்த்துகீசிய வழியினருக்கும் சம்பளம் கொடுத்தார். நேரிய சொல்லில் அது கடற்கொள்ளை. தஞ்சைப் படை வந்து வளைத்தபோது கோட்டையை மட்டுமன்றி ஊரையும் சுற்றி மதில் எழுப்பினார். உதவி கேட்டு அவர் அனுப்பிய கடிதங்கள் பிறநாட்டுக் கப்பல்கள் வழியே சென்றன. 1669இல் ஒரு கப்பல் கடைசியாக வந்தது. அதற்குள் பதினான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. தாயகம் மறந்துவிட்ட கோட்டையை ஒருவர் இத்தனை ஆண்டுகள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது அரசப்பற்றாலா, போக்கிடம் இன்மையாலா என்று பிரித்தறிவது கடினம். இரண்டும் இருந்திருக்கும்.

இக்கோட்டையின் வாணிகத்தில் துணியும் மிளகும் மட்டும் இருந்தன என்று எண்ணிவிடலாகாது. பஞ்சத்தில் வயிற்றுக்காகத் தம்மையும் தம் மக்களையும் விற்க நேர்ந்தவர்களும் இக்கரையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். பிற ஐரோப்பியர் செய்ததையே டேனியரும் செய்தனர். கோட்டையைப் பற்றிய விழா மலர்களில் இவ்வரி பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

இனித் தமிழன்பர்களின் நெஞ்சுக்கு நெருக்கமான பகுதி. 1706 ஜூலை 9ஆம் நாள் பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்ரிக் புளுச்சௌ என்னும் இரு ஜெர்மானிய இளைஞர் இவ்வூரில் கரையிறங்கினர். அவர்களை அனுப்பியவர் மன்னர் நான்காம் பிரெடரிக், கம்பெனி அன்று. சமயப் பணி ஊராரைக் கலக்கினால் வாணிகம் கெடும் என்பது கம்பெனியின் அச்சம். வந்தவர்கள் பல மணி நேரம் காக்கவைக்கப்பட்டனர். கோட்டைத் தலைவர் ஹாசியஸ் முகங்கொடுக்கவில்லை. அந்த முதல் நாளின் கசப்பு பின்னர் மாறவும் இல்லை.

சீகன்பால்கு தமிழ் கற்ற முறை எல்லாரும் அறிந்ததே. எழுபது வயதுத் திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் சிறுபிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிக் கற்றார். அழகப்பன் என்னும் துபாஷி பேச்சுத் தமிழுக்கு வழிகாட்டினார். இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டிப் படித்து, ஒவ்வொன்றைப் பற்றியும் குறிப்பெழுதி 1708இல் ஒரு நூற்பட்டியல் வகுத்தார். அவ்வாண்டிலேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மன் மொழியில் ஆக்கினார். அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார்.

தொடங்கி ஒரு மாத அளவில், நவம்பர் 19ஆம் நாள், அவர் கைதுசெய்யப்பட்டுக் கோட்டைக்குள் அடைக்கப்பட்டார். உள்ளூர்க் கைம்பெண் ஒருத்தியின் கடன் வழக்கில் அவள் பக்கம் பேசியதில் மூண்டது பூசல். ஹாசியஸுக்கு அது வாய்ப்பாயிற்று. நான்கு மாதங்களுக்குப் பின், 1709 மார்ச்சில்தான் விடுதலை. தொடக்கத்தில் தாளும் மையும் மறுக்கப்பட்டன. பின்னர் கிடைத்தபோது அவர் எழுதியவை தம் சமயத்தார்க்கான ஜெர்மன் நூல்கள். தமிழாக்கம் நின்றே போயிற்று. கோட்டைச் சிறையிலிருந்துதான் தமிழ் வேதம் பிறந்தது என்று மேடைகளில் உருக்கத்தோடு சொல்வோர் உண்டு. நடந்தது அதற்கு நேர்மாறு: தமிழை எழுதிக்கொண்டிருந்த ஒரு கையைக் கோட்டை நான்கு மாதம் கட்டிவைத்தது. மொழிபெயர்ப்பு முடிந்தது 1711இல், கோட்டைக்கு வெளியே.

அச்சகமும் அவ்வாறே. இலண்டனிலிருந்து ஒரு சமயச் சங்கம் அனுப்பிய அச்சுப்பொறி 1712இல் வந்தது. உடன் வந்த அச்சர் வழியிலேயே இறந்தார். மறு ஆண்டில் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. அவை பருமனாக இருந்து தாளை விழுங்கியதால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். ஈயம் கிடைக்காமல், பாலாடைக்கட்டி அடைத்துவந்த கலங்களின் ஈயமூடிகளை உருக்கினர் என்பது அச்சு வரலாற்றில் சுவையான செய்தி. பொறையாறில் காகித ஆலையும் நிறுவினர். 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. இவையனைத்தும் மிஷனின் இடங்களில் நடந்தவை, கோட்டைக்குள் நடந்தவையல்ல. மேலும் தமிழ் அச்சு இவ்வூரில் தொடங்கவும் இல்லை. கொல்லத்தில் 1578இலேயே தம்பிரான் வணக்கம் தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியின் பெருமை தொடங்கியதில் அன்று. அறுந்துபோன இழையை மீண்டும் எடுத்து, பின் அறாதவாறு முறுக்கியதில் இருக்கின்றது. அப்பெருமையே போதும், இல்லாததை ஏற்ற வேண்டியதில்லை.

சீகன்பால்கை இருபுறமும் மதில்கள் சூழ்ந்திருந்தன என்பதையும் சொல்லவேண்டும். ஒன்று ஹாசியஸின் மதில். மற்றொன்று தம்மவர் மதில். தமிழரின் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதிமுடித்த பெருநூலை ஹாலேயிலிருந்த பெரியோர்கள் அச்சேற்ற மறுத்தனர். பிற சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர் அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர்கள் கேள்வி. அந்நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. நீதிநூல் மொழிபெயர்ப்புகளோ 1930வரை காத்திருந்தன. 1719இல், முப்பத்தாறு வயதில், அவர் மறைந்தார். அவருடைய கேள்விகளுக்குத் தமிழர்கள் எழுதிய மறுமொழிக் கடிதங்கள் மட்டும் அவர் காலத்திலேயே ஜெர்மன் மொழியில் வெளியாயின. அவற்றில் பெரும்பகுதி அழகப்பனின் கை என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அக்கடிதங்களில் பேசும் தமிழர்கள் தலைகுனிந்து பேசுபவர்கள் அல்லர். வந்தவர்களின் குடியையும் ஒழுக்கத்தையும் நேர்நின்று குறைகூறுபவர்கள்.

படைக்கட்டடம் என்ற வகையில் கோட்டையின் பிற்கால வரலாறு சுருக்கமானது. 1699இல் தஞ்சைப் படை முற்றுகையிட்டபோது ஆங்கிலேயர் உதவியால் தப்பியது. 1777இல் கம்பெனியிடமிருந்து டென்மார்க்கு அரசே நேரடியாக ஆட்சியை எடுத்துக்கொண்டது. 1788இல் ஆளுநராக வந்த நார்வே நாட்டவர் பேதர் ஆங்கர் ஓவியம் தீட்டும் பழக்கமுடையவர். அவர் வண்ணந்தீட்டிய கோட்டையும் கடற்கரையும் கோயில்களும் இன்று ஆஸ்லோ அருங்காட்சியகத்தில் உள்ளன. அவர் காலத்தில்தான், 1801இல், ஆங்கிலேயர் வந்து கேட்டபோது கோட்டை அவர்கள் கைக்குப் போனது. சிறிது காலத்தில் திரும்பக் கிடைத்தது. மறுபடி 1808 முதல் 1815 வரை ஆங்கிலேயர் வசம். இரு முறையும் குறிப்பிடத்தக்க போர் நிகழவில்லை. ஐரோப்பாவில் நெப்போலியன் காலத்துப் பகை எழுந்ததும் இங்கே கொடி மாறியது. அங்கே பகை தணிந்ததும் இங்கே கொடி மீண்டது.

1845இல் கோட்டை விலைபோனது. தரங்கம்பாடி, வங்காளத்துச் செராம்பூர், பாலாசோரில் ஒரு துண்டு நிலம் ஆகிய மூன்றும் சேர்ந்து பன்னிரண்டரை இலட்சம் ரூபாய். பகைவர் பீரங்கி சாய்க்காத மதில்களை ஒரு கிரயப் பத்திரம் கைமாற்றியது. ஊரின் குடிமக்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பத்திரங்களில் குடிமக்களைக் கேட்கும் வழக்கம் இல்லைதானே.

ஆங்கிலேயர் சில காலம் ஊரை மதித்தனர். 1860வரை மாவட்ட ஆட்சியரின் தலைமையிடம் இங்கேயே இருந்தது. நீதிமன்றமும் இருந்தது. பின்னாளில் பிரதாப முதலியார் சரித்திரம் எழுதித் தமிழ் நாவலுக்கு வழிதிறந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1857இல் முன்சீப்பாக அமர்ந்தது இவ்வூரில்தான். தமிழில் முதல் உரைநடை நூல்கள் பெருவாரியாக அச்சான ஊரில், தமிழின் முதல் நாவலாசிரியர் வழக்குக் கேட்டிருக்கின்றார். தலைமையிடம் தஞ்சாவூருக்குப் போனது. புகைவண்டியும் முதலில் நாகப்பட்டினத்துக்குத்தான் வந்தது. தரங்கம்பாடிக்கு இருப்புப்பாதை வந்தது 1926இல், காலங்கடந்து. அதுவும் 1986இல் மூடப்பட்டது.

வேலையற்றுப்போன கோட்டை இடிபடாமல் நின்றதற்குக் காரணம் வீரமும் அன்று, கலைப்பற்றும் அன்று. கடற்காற்று வாங்கும் மேல்தள அறைகள் சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகள் தங்க வசதியாக இருந்தன. ஆளுநர் உறைந்த அறை பயணியர் மாளிகையாயிற்று. 1978வரை அந்நிலை. அடுத்த ஆண்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அருங்காட்சியகம் அமைத்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்கு அன்பர்களின் துணையோடு பழுதுகள் நீக்கப்பட்டன.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இவ்வூரில் புகுந்தது. கோட்டை நின்றது. அதன் வடபுறத்து மீனவர் குடியிருப்பில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கோட்டைக்கு முன்பே அக்கரையில் வாழ்ந்தவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். டேனியரின் கப்பல்களும் சீகன்பால்கு வந்த கப்பலும் கரைக்கு அப்பால் நங்கூரமிட, ஆட்களையும் சரக்கையும் அலைமுறித்துக் கரைசேர்த்தவை இக்கடலோரத்தாரின் படகுகளே. டேனியரின் கணக்கேடுகளில் அவர்கள் கூலியாக மட்டுமே இடம்பெறுகின்றனர்.

பொன்னோலையின் வாசகத்தைக் கல்லில் வெட்டிக் கோட்டை வாயிலில் நிறுத்துவது பெரிய செலவாகாது. டென்மார்க்குச் சின்னங்களையும் ஆளுநர் பெயர்களையும் படித்துக்கொண்டு உள்ளே போகும் பள்ளிப் பிள்ளைகள், முதலில் தஞ்சை அரசர் எழுதிய அத்தமிழைப் படித்துவிட்டுப் போகட்டும். அந்த ஓலைதான் கட்டடத்துக்கு மூத்தது.